முடிவு தெரிந்த கதைக்கும் ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. "ரிட்டையர் ஆகியும் டீச்சர் பெல் அடிச்ச பிறகுதான் பாடத்தை முடிக்கிறாங்க" என்று போன பதிவில் ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தீர்கள். பெயரைப் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பது வயது, கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். அவன் எழுதிய நாவல். சஸ்பென்ஸ் த்ரில்லர். "டீச்சர், நீங்க படிச்சுட்டு உண்மையைச் சொல்லணும்" என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தான்.

212 பக்கம். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நாலு நாளில் படித்து முடித்தேன். அவனே போன் பண்ணினான். "எப்படி டீச்சர் இருக்கு?" என்றான். "நல்லா இருக்குப்பா, விறுவிறுப்பா போகுது" என்றேன்.

அது பொய்.

"அப்போ அச்சுக்குக் கொடுத்துடறேன் டீச்சர். 45,000 ஆகும்னு சொல்றாங்க. சீட்டுப் பணம் எடுத்து வெச்சிருக்கேன்" என்றான். வைத்துவிட்டான். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை தப்பாக எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கத் தெரிந்த எனக்கு, வளர்ந்த பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. அதுவும் அவன் சேர்த்த பணம். விடிந்ததும் ஆறு மணிக்கே நானே போன் பண்ணி, "நேத்து சொன்னது பொய்யிடா. பணத்தைக் கட்டாதே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏன் டீச்சர்? ஏழு ட்விஸ்ட் வெச்சிருக்கேனே!" என்றான்.

அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

அவன் நாவலில் முதல் முப்பது பக்கத்துக்குள் ஐந்து கொலை. கத்தி எங்கே இறங்கியது, இரத்தம் எந்தப் பக்கம் தெறித்தது என்றெல்லாம் வரிவரியாக எழுதியிருக்கிறான். எனக்குப் பயமே வரவில்லை. செத்தவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாதே! பேருந்தில் போகும்போது ஏதோ ஒரு தெருவில் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்தால் "யாரோ பாவம்" என்று நினைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் மறந்துவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. கடைசியில் கொலை செய்தது யார் என்றால், கதாநாயகியின் இரட்டைச் சகோதரி. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே 190ஆம் பக்கத்தில்தான் தெரிகிறது. "ஓகோ" என்றுதான் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

சஸ்பென்ஸ் என்றால் மறைப்பது என்று அவன் நினைத்துவிட்டான். அவன் மட்டுமல்ல, இப்போது எழுதுகிற நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சஸ்பென்ஸ் என்பது வாசகரிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காக்க வைப்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம்கூட இல்லை, எங்கள் வீட்டுக்காரர்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள். செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. அவர் தபால் ஆபீஸில். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள்தான், ஆங்கிலப் புத்தகம் படிக்கிற அளவுக்கு அப்போது தைரியம் கிடையாது. அவர் படிப்பார். ஒருநாள் நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தார். பிரெடரிக் ஃபோர்சைத் எழுதிய 'தி டே ஆஃப் த ஜக்கால்'. 1971இல் வந்தது. தினமும் இராத்திரி சாப்பிட்ட பிறகு, தான் படித்த பகுதியை எனக்குத் தமிழில் கதையாகச் சொல்வார். அப்போது எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் கதை.

முதல் நாளே சொல்லிவிட்டார். "பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி டி கோல். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்தாருன்னு அவர் மேல சில பேருக்கு ஆத்திரம். அவங்க கூலிக்கு ஒரு வெள்ளைக்காரனை அமர்த்துறாங்க, அவரைச் சுட. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ, டி கோலை யாரும் சுடலை. 1970ல தன் வீட்டுலதான் செத்தாரு."

"அப்புறம் என்னங்க கதை இருக்கு?" என்று கேட்டேன். "கேளு" என்றார்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு வீட்டு வேலை ஓடவில்லை. அந்த ஆள் பாஸ்போர்ட் வாங்க என்ன செய்கிறான் தெரியுமா? கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சின்ன வயதில் செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்கிறான். உயிரோடு இருந்தால் தன் வயதுதான் இருக்கும். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துப் பாஸ்போர்ட் வாங்குகிறான். துப்பாக்கியைத் தனியாகச் சொல்லிச் செய்கிறான். காட்டுக்குள் போய் ஒரு பழத்தைத் தலை மாதிரி தொங்கவிட்டுச் சுட்டுப் பார்க்கிறான். முதல் குண்டு கொஞ்சம் தள்ளிப் போகிறது. குறி பார்க்கிற கருவியைத் திருகிச் சரி செய்கிறான். மறுபடி சுடுகிறான். பழம் சிதறுகிறது. எங்கள் வீட்டுக்காரர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நாளைக்கு" என்று எழுந்து படுக்கப் போய்விட்டார்!

டி கோல் சாக மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏனென்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். அவன் என்ன செய்யப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். அவனைத் தேடுகிற லெபெல் என்ற போலீஸ் அதிகாரிக்குத் தெரியாது. அந்த லெபெல் ஒரு சாதாரண மனிதர். பார்த்தால் நம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருப்பார் என்று கற்பனை பண்ணிக்கொண்டேன். பெரிய பெரிய அதிகாரிகள் நடுவே உட்கார்ந்து தினமும் பதில் சொல்ல வேண்டும். தூக்கம் இல்லை. "ஐயோ, அவன் இந்தப் பக்கம் போய்ட்டான், நீங்க அந்தப் பக்கம் தேடுறீங்களே" என்று சொல்லத் தோன்றும். முடிவு என்னவென்று கேட்க எனக்கு அவசரமே இல்லை. எப்படித் தப்பினார் என்பதுதான் வேண்டியிருந்தது. (அதை இங்கே சொல்ல மாட்டேன். படித்துக்கொள்ளுங்கள்.)

இந்த நாவலைப் பல பதிப்பகங்கள் முதலில் திருப்பி அனுப்பிவிட்டன. டி கோல் சாகவில்லை என்று ஊருக்கே தெரியும், இதில் என்ன சஸ்பென்ஸ் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நான் முதல் நாள் கேட்ட அதே கேள்வி! 35 நாளில் எழுதியதாம் அந்தப் புத்தகம். உலகம் பூராவும் ஓடியது.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சூதாட்டத்தில் தருமர் தோற்பார் என்று மடியில் இருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் காய் உருட்டும்போது கூட்டத்தில் சத்தம் அடங்கிவிடும். என் ஆயா வருடா வருடம் "வேணாண்டா தருமா, எழுந்து வாடா" என்று சொல்லி அழும். வருடா வருடம் அதே இடத்தில்தான் அழும். கூத்து கட்டுகிறவர்கள் முடிவை மறைத்தா அந்தக் கண்ணீரை வரவழைத்தார்கள்?

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' அப்படித்தான். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பது சரித்திரம். அது தெரிந்துதான் படிக்கிறோம். வால்நட்சத்திரத்தைக் காட்டுகிறார், நந்தினி கையில் வாளைக் கொடுக்கிறார், கடம்பூருக்குப் போகாதே என்று ஆள்மேல் ஆளாகச் சொல்ல வைக்கிறார். அவன் போகிறான். மூன்றரை வருடம் வாரப் பத்திரிகையில் வந்த கதை. அத்தனை நாளும் அத்தனை பேரும் அந்த ஒரு சாவுக்காகப் பயந்துகொண்டே காத்திருந்தார்கள்.

சரி, துப்பறியும் கதைக்கு வருகிறேன். அங்கே கொலையாளி யார் என்பதை மறைத்துத்தானே ஆகவேண்டும் என்று கேட்பீர்கள். ஆகவேண்டும்தான். ஆனால் அங்கேயும் நல்ல எழுத்தாளர்கள் எவ்வளவு சொல்லிவிடுகிறார்கள் என்று பாருங்கள். அகதா கிறிஸ்டியின் 1939ஆம் வருட நாவல், 'அண்ட் தென் தேர் வேர் நன்'. ஒரு தீவில் பத்துப் பேர். ஒவ்வொருவர் அறையிலும் ஒரு குழந்தைப் பாட்டு மாட்டியிருக்கிறது. அந்தப் பாட்டில் வருகிற மாதிரியே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சாப்பாட்டு மேசையில் பத்து பொம்மைகள். ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று குறைகிறது. அடுத்த சாவு எப்படி வரும் என்று பாட்டே சொல்லிவிடுகிறது. யார் என்பதுதான் தெரியாது. பாதியைச் சொல்லிப் பாதியை வைத்துக்கொள்கிறார். நான் மொழிபெயர்ப்பில் படித்தபோது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசகரை உட்கார வைத்து வேலை வாங்குகிறாரே, அதுதான் சந்தோஷம். கணக்கு வகுப்பில்கூட, விடையைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் கடைசி பெஞ்சும் பென்சிலை எடுக்கும். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நம் ராஜேஷ்குமார் சார் நாவல்களில் இரண்டு கதை மாறி மாறி ஓடும். கோயம்புத்தூரில் ஒரு குடும்பம், எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. எங்கே வந்து முட்டும் என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டே படிப்போம். ஒரு அத்தியாயம் கதவைத் திறக்கிற இடத்தில் நிற்கும், அடுத்தது வேறு ஊருக்குப் போய்விடும். கோபமாக வரும். புத்தகத்தை மட்டும் கீழே வைக்க முடியாது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுதிவிட்டார். அத்தனையும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், அவரே சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் காக்க வைக்கிற அந்தக் கணக்கு அவர் கையை விட்டுப் போகவே இல்லை.

சுஜாதாவிடம் எனக்குப் பிடித்தது வேறு. பயமுறுத்துவதற்கு முன்னால் சிரிக்க வைத்துவிடுவார். வசந்த் ஏதாவது குறும்பாகப் பேசுவான், கணேஷ் அவனை அடக்குவான். நாம் அந்த இரண்டு பேரோடும் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போகிற மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த இருட்டு வீட்டுக்குள் அவர்கள் காலை வைத்தால் நமக்குக் கால் கூசும். 'கொலையுதிர் காலம்' படித்த வாரங்களில் நான் இராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போனதில்லை. எங்கள் வீட்டுக்காரர் கையில் டார்ச் லைட்டோடு பின்னால் வருவார், வேண்டுமென்றே இருமுவார். நம் பிரியத்துக்கு உரியவர்களை ஆபத்தில் நிறுத்தினால்தான் பயம். முகம் தெரியாத ஐந்து பேரை வெட்டினால் கணக்குதான் கூடும்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் ஒரு ஜப்பானிய நாவலின் ஆங்கிலப் புத்தகம் கொடுத்தாள். கெய்கோ ஹிகாஷினோ எழுதிய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. இப்போது தைரியம் வந்துவிட்டது, அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிடுகிறேன். கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. யார் செய்தது, ஏன் செய்தாள், எல்லாம் தெரியும். அவளைக் காப்பாற்ற நினைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். (அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு பாசம்.) அவர் பரீட்சைக்குக் கேள்வி எடுக்கிற விதத்தைப் பற்றி ஓர் இடத்தில் பேசுகிறார். பார்த்தால் ஒரு பாடத்தின் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் வேறொரு பாடத்தின் கணக்காக இருக்கும் என்று. நான் அதை வாத்தியார் பேச்சு என்று படித்துவிட்டுப் போய்விட்டேன். முந்நூறு பக்கம் தாண்டியபிறகுதான், கதையின் சாவியையே அங்கே வெளிப்படையாக வைத்திருந்தார் என்று தெரிந்தது. எழுத்தாளர்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. உடனே முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தேன்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். ட்விஸ்ட் வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 190ஆம் பக்கத்தில் வானத்திலிருந்து குதிக்கிற இரட்டைச் சகோதரி ட்விஸ்ட் இல்லைப்பா. பாடத்தில் நடத்தாததைப் பரீட்சையில் கேட்கிற மாதிரி அது. படிக்கிறவர் தோற்றுப்போனால், "எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்" என்று தோன்ற வேண்டும். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று தோன்றினால் அவர் உன் அடுத்த புத்தகத்தை வாங்க மாட்டார். இதைக் கேட்டு அவன் சிரித்தான். அப்பாடா என்றிருந்தது.

இப்போது ஒரு விஷயம் எழுத வேண்டும். இதற்காகத்தான் இரண்டு வாரமாக இந்தப் பதிவை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

1990களின் ஆரம்பம். எட்டாம் வகுப்பு. ஒரு மாணவன் தமிழ்ப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால் திணறுவான். ஒரு பத்திக்குப் பத்து இடத்தில் நிற்பான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் சரித்திரப் புத்தகத்துக்குள் ஏதோ வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றதுகூடத் தெரியவில்லை. பிடுங்கிப் பார்த்தால் பாக்கெட் நாவல். அந்த மட்டமான தாளில், அட்டையில் துப்பாக்கியும் ஒரு பெண்ணின் முகமும் போட்டு வருமே, அது. "டீச்சர், இன்னும் நாலு பக்கம்தான் டீச்சர்" என்றான். நான் கொடுக்கவில்லை. முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் வாங்கிக்கொள் என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அன்று இராத்திரியே ஒரே மூச்சில் நான் படித்து முடித்தேன். கடைசி நாலு பக்கம் உட்பட.

அப்போது எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்க முடியாத பிள்ளை, தொண்ணூறு பக்கத்துக்கு மேல் தானாகப் படித்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அர்த்தம் எழுதிப் போடவில்லை. அடுத்து என்ன ஆகும் என்ற ஒரே ஆசை அவனை எழுத்து எழுத்தாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் பதினைந்து வருடம் பிரம்பையும் அன்பையும் வைத்துச் செய்ய முயன்ற காரியத்தை அந்த மட்டமான தாள் செய்திருக்கிறது. நான் அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அப்பா உடம்பு முடியாமல் போனதால் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். புத்தகத்தைப் பிடுங்கியதால் அவன் நின்றுவிடவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் வாங்கிக்கொள் என்று சொன்னேனே. அவனுக்குப் பரீட்சை வரவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான் கதை வாசித்துக் காட்டுவேன். தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகூட வாசித்திருக்கிறேன். கதவு திறக்கிற இடத்தில் மூடிவைத்துவிடுவேன். "மீதி வேணும்னா புத்தகம் அலமாரியில இருக்கு" என்பேன். திங்கட்கிழமை அலமாரிக்கு முன்னால் சண்டை நடக்கும். தலைமை ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அது தனிக் கதை. "டீச்சருக்கு ஏன் திடீர்னு கதை ஆசை வந்துச்சு" என்று அப்போது கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

நாவல் எழுதிய பையன் நேற்றுப் பேசினான். சீட்டுப் பணத்தை இன்னும் தொடவில்லை. ஐந்து கொலையை இரண்டாகக் குறைத்துவிட்டானாம். முதலில் சாகிற கணக்குப்பிள்ளைக்கு ஒரு பேத்தியும், அவளுக்கு வாங்கிவைத்த கொலுசும் கொடுத்திருக்கிறானாம். இரட்டைச் சகோதரி மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு கல்யாண போட்டோவில் ஓரமாக நிற்கிறாளாம், முகம் பாதி மறைந்து. "யாரும் கவனிக்க மாட்டாங்க டீச்சர்" என்றான். எனக்கே அடுத்தது என்னவென்று கேட்க ஆசையாகிவிட்டது. சொல்ல மாட்டேன் என்றுவிட்டான், படவா.

அந்தப் பாக்கெட் நாவல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு வீடு மாறினோம், அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, பாதிப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். இதைக் கொடுக்கவில்லை. அவன் நிறுத்திய பக்கத்தின் மூலை மடிந்தபடியே இருக்கிறது. 1990களில் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், திருப்பூரில் விசாரித்துச் சொல்லுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம், தனியாக எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். அவனே இதைப் பார்த்தால், தம்பி, நாலு பக்கம் பாக்கி இருக்கிறது. வந்து வாங்கிக்கொள், இல்லையென்றால் முகவரி அனுப்பு, தபாலில் போடுகிறேன். கொலை செய்தது யாரென்று நான் சொல்ல மாட்டேன்.